பின்னால் இருந்தவர்

படை மரபு விளக்க நிலையத்தில் பதக்கத்துக்குத் தனி டோக்கன், பதக்கத்தைக் கொண்டுவந்த ஆளுக்குத் தனி டோக்கன். பதக்கத்தின் வரிசை சுறுசுறுப்பாக நகரும். ஆளின் வரிசையைப் பற்றி நிலையத்தார் யாருக்கும் எந்த வாக்கும் கொடுத்ததில்லை. ஆகவே பதக்கங்கள் காலையிலேயே உள்ளே போய் வெல்வெட் மெத்தையில் படுத்து மின்விசிறிக் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். அவற்றின் சொந்தக்காரர்கள் மாடிப்படியில் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். இதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. பதக்கம் போருக்குப் போய் வந்த குடும்பத்தைச் சேர்ந்தது. பேரன் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் குறைந்தா போய்விடுவான்?

அப்படி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். அவருடைய தெருவில் எல்லோரும் அவரைச் 'சட்டம்' என்றே கூப்பிடுவார்கள். வாசலில் காவலாளி தொழில் என்ன என்று கேட்டபோது பழக்கதோஷத்தில் "சட்டம்" என்று சொல்லிவிட்டார். காவலாளி விறைப்பாக எழுந்து நின்று, தன் நாற்காலியையே தூக்கிக் கொடுத்தார். மரச் சட்டம், கண்ணாடி, பின்னட்டை என்று விவரம் தெரிந்ததும் நாற்காலியைத் திரும்ப வாங்கிக்கொண்டு படியைக் காட்டினார்.

சட்டக்காரர் இரண்டு பதக்கங்களை உள்ளே அனுப்பியிருந்தார். ஒன்று அவருடைய தாத்தாவுடையது. மற்றது பக்கத்துக் கடைத் தையல்காரருடைய தாத்தாவுடையது. இரண்டு தாத்தாக்களும் ஒரே படையில் இருந்தவர்கள். பாலத்துச் சண்டை என்று சொல்கிற ஒரே சண்டைக்குப் போனவர்கள். ஒரே அச்சில் வார்த்த, ஒரே மாதிரியான பதக்கத்தை வாங்கியவர்கள். அந்தச் சண்டையில் பாலத்தின் பக்கம் தலைவைத்த எல்லோருக்கும் அந்தப் பதக்கம் உண்டு என்று கேள்வி.

நாள் முழுக்க ஊரார் வீட்டு முன்னோர்களுக்குச் சட்டம் போட்டு, கீழே பெயர்ப் பட்டை ஒட்டிக் கொடுக்கிறவருக்குத் தன் வீட்டு முன்னோர்மேல் ஆசை வந்தால் குற்றமில்லை. அவருடைய கடையின் முகப்புக் கண்ணாடிக்குள் தாத்தாவின் பதக்கம் நல்ல தேக்குச் சட்டத்தில் தொங்கியது. கீழே பித்தளைப் பட்டையும் இருந்தது. பட்டையில் எழுத்துதான் இல்லை. "இவர் என்னங்க பண்ணினார்?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். "பெரிய சண்டைங்க" என்று சொல்லிவிட்டு சட்டக்காரர் இருமுவார்.

தாத்தா என்ன பண்ணினார் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தாத்தாவே சொல்லியிருக்கிறார். "நான் அண்டாவோடதான் சண்டை போட்டேன். எனக்குப் பட்ட காயமெல்லாம் கொதிக்கிற தண்ணியில பட்டது." படையின் சமையல் கூடாரத்தில் இருந்தவர் அவர். சட்டக்காரருடைய அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அப்பா காலத்தில் தாத்தா வருஷத்துக்கு வருஷம் கூடாரத்தை விட்டு நகர்ந்து, எதிரிக்குக் கிட்டே போய்க்கொண்டிருந்தார். அப்பா கண்ணை மூடுகிற சமயத்தில் தாத்தா ஏறக்குறைய பாலத்தின்மேலேயே நின்றார்.

தையல்காரர் வீட்டு விஷயம் வேறு. அவருடைய தாத்தா சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே போய்ச் சேர்ந்தவர். அவருடைய மகள், அதாவது தையல்காரருடைய அத்தை, இன்னும் இருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டது. ஆனாலும் கடையின் மூலையில் உட்கார்ந்து விரலாலேயே தடவிப் பார்த்துப் பொத்தான் தைப்பார். கல்யாண வயதில் அவருக்கு ஒரு வரன் நிச்சயமாகி, மாப்பிள்ளையின் மாமா ஒருவர் "ஓடிப்போன சிப்பாய் பொண்ணாமே" என்று ஒரு வார்த்தை விட்டதில் நின்றுபோயிற்று. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதற்கப்புறம் வேறு வரன் வரவில்லை. பொத்தான்தான் வந்தது.

"நீதான் போறியே, எங்க தாத்தாவோடதையும் காட்டிட்டு வந்துடுப்பா," என்றார் தையல்காரர். "பள்ளிக்கூடம் தொறக்கிற நேரம். சீருடை மலையா குவிஞ்சு கிடக்கு. கடையை விட்டு நகர முடியல."

மூலையிலிருந்து அத்தை ஊசியை நிறுத்தினார். "தம்பி, எனக்கு ஒரே ஒரு வரி போதும். எங்கப்பா ஓடினாரா, ஓடலையா? ஓடியிருந்தாலும் பரவாயில்ல. தெரிஞ்சுக்கிட்டா போதும்."

தையல்காரர் பொத்தான் டப்பாவின் அடியிலிருந்து பதக்கத்தைத் தேடியெடுத்து நண்பர் கையில் வைத்தார். "சட்டம் தன் கடமையைச் செய்யட்டும்," என்றார். அவர் தினமும் சொல்கிற ஜோக்தான். சட்டக்காரர் தினமும் போலச் சிரித்தார்.

அடுத்ததாக, பதிவு என்கிற சமாச்சாரத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு சிப்பாய்க்கும் ராணுவப் பதிவறையில் ஒரு தாள் இருக்கிறது. அதை வாரிசுகள் கையில் கொடுக்க மாட்டார்கள். முத்திரை வைத்த உறையில் நேரே விளக்க நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள். 'விளக்கப்படாத பதிவை வாரிசு தானே படித்துப் புரிந்துகொள்வது செல்லாது' என்று நிலையத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறது. அந்த அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்வது மட்டும் செல்லும்.

மதியம் கழிந்து சட்டக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் நாடாப் பிரிவு. பதக்கம் தொங்குகிற துணி நாடாவைப் பரிசோதிப்பதற்கு அங்கே ஓர் அம்மா இருந்தார். பூதக்கண்ணாடி வழியாகச் சட்டக்காரருடைய தாத்தாவின் நாடாவைப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு பக்கம் நல்லா வெளுத்திருக்கு. என்ன அர்த்தம் தெரியுமா?"

"தெரியலீங்க."

"வெயிலுக்கு நேரா நின்னிருக்கார். கண்ணைத் திருப்பல. எதிரி எந்தப் பக்கம் இருந்தான்? சூரியன் இருந்த பக்கம். மனுஷங்க பொய் சொல்லுவாங்க. நாங்களே சில நேரம் சொல்லவேண்டி வரும். நாடா பொய் சொல்லாது."

கடை முகப்பு மேற்குப் பார்த்தது, சாயங்கால வெயில் நேரே விழும் என்று சட்டக்காரர் சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அதற்குள் பதக்கத்துக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டார். வணக்கம் வைத்த பிறகு வெயிலைப் பற்றிப் பேசுவது மரியாதையாக இருக்காதே என்று வாயை மூடிக்கொண்டார்.

தையல்காரர் தாத்தாவின் நாடா கொஞ்சமும் வெளுக்கவில்லை. புத்தம் புதுசாக இருந்தது. டப்பாவுக்குள் பொத்தான்களுக்கு அடியில் கிடந்தது வேறு எப்படி இருக்கும்? அந்த அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"வெளிச்சமே படல. மறைவா இருந்திருக்கார்."

"டப்பாவுக்குள்ள இருந்துச்சுங்க."

"யாரு?"

"பதக்கம்."

"பதக்கம் யாரோடது? அவரோடது. பழக்கம் ஒட்டிக்கும்," என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது தலைமை விளக்குநரின் அறை. வாசலில் ஒரு சிப்பந்தி விதியைச் சொல்லிக்கொடுத்தார். விண்ணப்பதாரர் விளக்குநரின் எதிரே நிற்கக் கூடாது. எதிரே நின்றால் முகம் தெரியும், முகம் தெரிந்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் விளக்கம் கெடும். ஆகவே நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். சட்டக்காரர் பின்னால் போய் நின்றார். விளக்குநரின் வழுக்கையும், அதைத் தாண்டி மேசையும், மேசைமேல் இரண்டு தாள்களும் தெரிந்தன. பக்கத்தில் சிவப்பு மைப் பேனாவோடு எழுத்துத் திருத்துநர் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் குறிப்பெழுத ஒரு குமாஸ்தா.

முதல் உறை பிரிந்தது. பழைய தட்டச்சு எழுத்து. சட்டக்காரர் விதியை மீறித் தானே படித்துப் புரிந்துகொண்டார். 'பாலத்துச் சண்டை. பின்னால் இருந்தார். பதக்கம் உண்டு.'

அவ்வளவுதான் என்று நினைத்தார். அண்டா, அடுப்பு, கூடாரம். பித்தளைப் பட்டையைக் கழற்றிவிடலாம். ஆனால் விளக்குநர் இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடினார்.

"பின்னால் இருந்தார்! எவ்வளவு பெரிய வார்த்தை."

"பெருசுங்களா?"

"ஒரு கம்பெனி ஓகோன்னு ஓடுதுன்னா யாரைக் கேப்போம்? இதுக்குப் பின்னால இருக்கிறது யாருன்னு கேப்போம். பாலத்துல ஜெயிச்சோம். அந்த வெற்றிக்குப் பின்னால யார் இருந்தாங்கன்னு இந்த நிலையம் தொடங்கின நாள்லேர்ந்து தேடிட்டிருக்கோம். உங்க தாத்தாதான் இருந்திருக்கார். அதைக்கூட வெளியில சொல்லிக்காம பின்னாலயே இருந்திருக்கார்!"

சட்டக்காரருடைய மனசில் பித்தளைப் பட்டை பளிச்சென்று மின்னியது. வெற்றிக்குப் பின்னால் இருந்தவர். எழுத்து சரியாக ஒரு வரியில் அடங்கும். அண்டா என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதை மென்று விழுங்கினார். விழுங்கியது கஷ்டமாக இல்லை என்பதுதான் பிறகு அவரை ரொம்பக் கஷ்டப்படுத்தியது.

இரண்டாவது உறை பிரிந்தது. 'பாலத்துச் சண்டை. முன்னால் இருந்தார். பதக்கம் உண்டு.'

சட்டக்காரருக்கு அத்தையின் முகம் ஞாபகம் வந்து நெஞ்சு குளிர்ந்தது. ஓடவில்லை. முன்னால் நின்றிருக்கிறார். அந்தக் கணத்தில் அவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் விளக்குநரின் வழுக்கை மெல்லச் சுருங்கியது.

"இது சரிப்படாதே. ஒரே பாலம். இவர் முன்னால இருந்தார்னா, இவருக்குப் பின்னால அவர் இருந்தார்னு ஆயிடும். அப்போ நம்ம வீரர் வெற்றிக்குப் பின்னால இல்ல, இந்த ஆளுக்குப் பின்னால! ஒருத்தன் முதுகுக்குப் பின்னால நின்னதுக்கா நாம விழா எடுக்கிறது?"

எழுத்துத் திருத்துநர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, எழுத்துப் பிழையா இருக்கலாம். அந்தக் காலத்துத் தட்டச்சுக்காரங்களுக்கு லகரம் ளகரம் வித்தியாசம் தெரியாது." சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி, 'முன்னால்' என்ற சொல்லின் கடைசி எழுத்தைச் சுழித்து, அதை 'முன்னாள்' ஆக்கினார். "இப்ப பாருங்க. முன்னாள் இருந்தார். முன் நாள். முந்தின நாள் வரைக்கும் இருந்திருக்கார்."

"சண்டை அன்னிக்கு?"

"சண்டை அன்னிக்கு இருந்தார்னு எங்கயும் எழுதலையே ஐயா."

"ஓடிட்டார்ங்கிறீங்க."

"நான் சொல்லல ஐயா. ளகரம் சொல்லுது."

"நாடா என்ன சொல்லுது?"

"மறைவா இருந்தார்னு சொல்லுது."

"ரெண்டும் ஒத்துப்போகுதே!" என்று விளக்குநர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "பாருங்க, பதிவுல என்ன எழுதியிருக்குன்னு படிக்கிறது குமாஸ்தா வேலை. என்ன எழுதியிருக்கணும்னு படிக்கிறதுதான் விளக்கம்." திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "விண்ணப்பதாரருக்கு ஆட்சேபணை உண்டா?"

இந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. கதையில் நடந்ததெல்லாம் அதுதான். சட்டக்காரர் பேசியிருக்கலாம். 'அது பிழையில்லீங்க, முன்னால்தான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? சொன்னால் பட்டை எழுத்தில்லாமல் கிடக்கும். அவர் சிவப்பு மை காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மை காய்ந்ததும் குமாஸ்தா 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார்.

இரண்டு சான்றிதழ்களையும் அவர் கையிலேயே கொடுத்தார்கள். ஒன்றில் பொன் ஓரம். மற்றதில் கறுப்பு ஓரம். பொன் ஓரத்துக்கு வரப்போகிற விளக்கப் பெருவிழாவில் மேடையும் மாலையும் உண்டு.

தெருமுனையில் ஒரு நிமிஷம் நின்றார். கறுப்பு ஓரத்தை மடித்துச் சட்டையின் உட்பைக்குள் வைத்துக்கொண்டு, தையல் கடைப் படியில் ஏறினார்.

"என்னப்பா ஆச்சு?" என்றார் தையல்காரர்.

"எங்க தாத்தா வந்து... வெற்றிக்குப் பின்னால இருந்தவராம்."

"அடி சக்கை!" தையல்காரர் கத்தரியைப் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டார். அவர் கட்டிக்கொண்டதில் உட்பையில் இருந்த தாள் நொறுங்குகிற சத்தம் சட்டக்காரருக்கு மட்டும் கேட்டது. "எங்க தாத்தாவுது?"

"அது இன்னும் தேடிட்டிருக்காங்க."

"நிதானமா தேடட்டும்," என்றார் அத்தை மூலையிலிருந்து. "இத்தனை வருஷம் இருந்தாச்சு, இன்னும் கொஞ்சம் இருக்க மாட்டேனா? தம்பிக்கு மேடை ஏறக் கோட்டு வேணுமேடா. அளவெடு."

"காசெல்லாம் வேண்டாம்," என்றார் தையல்காரர், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவிக்கொண்டே. "வீரர் பேரனுக்குத் தைக்கிறதுக்குக் காசா? கையைத் தூக்கு."

சட்டக்காரர் கையைத் தூக்கினார். பிடிபட்டவன் தூக்குவதுபோலத்தான் தூக்கினார். தையல்காரர் அதைக் கவனிக்கவில்லை. மார்பளவு எடுக்கும்போது விரல் உட்பையில் தட்டியது. "என்னது மொடமொடன்னு?" என்றார். "கடை ரசீது," என்றார் சட்டக்காரர். பொய் இப்போதெல்லாம் அவருக்குச் சுலபமாக வந்தது.

வீட்டில் மனைவி பொன் ஓரத்தைப் படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வெற்றிக்குப் பின்னால இருந்தவரா? அண்டாவுக்குப் பின்னால இருந்தவர்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"விளக்கியிருக்காங்க."

"பாத்திரம் விளக்குற மாதிரியா? நல்லாத்தான் பளபளன்னு இருக்கு." தட்டைப் பார்த்தாள். "ஏன், சாப்பாடு இறங்கலையா?"

இறங்கவில்லை. அடுத்த நாளும் இறங்கவில்லை. கடையில் உட்கார்ந்து கண்ணாடி வெட்டினால் கோணலாக விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடும்போதெல்லாம் அது தன்னுடைய கோட்டுதான் என்று தெரியும். கடைசியில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் திட்டவில்லை. "தையல் கடை அத்தை அன்னிக்குப் பட்டது போதாதா? எழுந்து போங்க. போய் மாத்திட்டு வாங்க," என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

மறுபடியும் நிலையம், மறுபடியும் படி. இந்தத் தடவை பதக்கம் கொண்டுபோகவில்லை என்பதால் உள்ளே விடவே யோசித்தார்கள். முறையீட்டுப் பிரிவில் இருந்த அலுவலர் நல்ல மனிதர். "பெருமை போதலையா?" என்றார் அன்பாக. "நிறைய பேர் வருவாங்க. கூட்டித் தரலாம்."

"அதிகமாயிடுச்சுங்க. குறைக்கணும்."

அலுவலர் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தார், அடுத்த அறையில் போய்க் கேட்டுவிட்டு வந்தார், பெரியவர்களோடு தொலைபேசியில் பேசினார். பெருமையைக் குறைக்க அந்த நிலையத்தில் ஏற்பாடே இல்லை. அப்படி ஒரு கோரிக்கை இதுவரை வந்ததில்லை. ஆகவே அவரை நேரே தலைமை விளக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

இந்த முறை சட்டக்காரர் மூச்சுவிடாமல் பேசினார். "சார், எங்க தாத்தா சமையல் கூடாரத்துல இருந்தார். அண்டா கழுவினார். சண்டையைக் கண்ணால பார்க்கல. நாடா வெளுத்தது என் கடை வெயில்ல. பின்னால்னா பின்னாலதான் சார், வேற ஒண்ணுமே இல்ல."

விளக்குநரின் தோள்கள் குலுங்கின. கோபம் என்று சட்டக்காரர் பயந்தார். விளக்குநர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டீங்களா?" என்றார் திருத்துநரிடம், குரல் தழுதழுக்க. "அடக்கம்! பாலத்தையே பிடிச்சுக் கொடுத்துட்டு, அண்டா கழுவினேன்னு வீட்டுல சொல்லி வெச்சிருக்கார். அதைப் பேரன் வந்து சொல்றார். மூணு தலைமுறையா ஓடுது பாருங்க இந்த ரத்தத்துல. குறிச்சுக்கங்க, அடக்கத்துக்குத் தனியா ஒரு நட்சத்திரம்."

"ஐயோ, வேண்டாம் சார்!"

"ரெண்டு நட்சத்திரம்."

சட்டக்காரருக்கு வாயைத் திறக்கவே பயமாகிவிட்டது. ஆனாலும் திறந்தார். "என்னை விடுங்க சார். அந்த இன்னொருத்தர், அது முன்னால்தான். நீங்கதான் சிவப்பு மையில மாத்தினீங்க. நான் பார்த்தேன்."

திருத்துநர் தாளை எடுத்துப் பார்த்தார். "பதிவுல ளகரம்தானே இருக்கு?"

"நீங்க போட்ட ளகரம்!"

"திருத்தினேன். திருத்தத்துலயே பிழைன்னா அப்புறம் நான் எப்படித் திருத்துநரா இருக்க முடியும்? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

விளக்குநர் கைக்குட்டையை மடித்து வைத்தார். "இதப் பாருங்க, உண்மைதான் வேணும்னா அது ராணுவத்துக்கிட்டயே இருக்கு. பத்திரமா பூட்டி வெச்சிருக்காங்க. எங்ககிட்ட வர்றவங்க அதுக்கு வர்றதில்ல. நீங்களும் வரல." குரலில் கடுமை இல்லை. உள்ளதைச் சொல்கிறவர் குரல்தான். "சரி, அந்தக் குடும்பம் வந்து ஆட்சேபிக்கட்டும், பார்ப்போம். அவங்க சான்றிதழை அவங்க கையில கொடுத்துட்டீங்க இல்ல?"

"இல்லீங்க."

"ஏன்?"

அந்த நிலையத்தில் யாரும் கேட்காத மாதிரியான கேள்வி அது. விளக்குநரே அதைக் கேட்டுவிட்டதில் கொஞ்சம் திடுக்கிட்டார்போலத் தெரிந்தது. சட்டக்காரர் சட்டையின் உட்பையைக் கையால் மூடிக்கொண்டார்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கோட்டைப் போட்டுப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கருநீலக் கோட்டு. சட்டக்காரர் வாழ்நாளில் போட்டிராத துணி. தோளில் வந்து அப்படியே உட்கார்ந்தது. கோட்டுக் கையில் ஒரு பொத்தான் மட்டும் தைக்கப் பாக்கி. "கழட்ட வேண்டாம், அப்படியே நில்லு," என்று அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தார். தலை குனிந்து, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு, விரலாலேயே துளையைத் தேடினார். ஒருமுறைகூட அவருக்கு ஊசி படவில்லை. பட்டிருக்கலாம் என்றிருந்தது அவருக்கு.

"அத்தை," என்றார். "உங்கப்பாவோடது வந்துடுச்சு."

ஊசி நின்றது. தையல் இயந்திரமும் நின்றது.

"வாசி," என்றார் அத்தை.

சட்டக்காரர் கறுப்பு ஓரத்தை வெளியே எடுத்தார். பலமுறை மடித்து விரித்ததில் மடிப்புகள் பஞ்சாகியிருந்தன. சொல்லிவிடத்தான் எடுத்தார், அதில் சந்தேகமில்லை. நடந்ததை முழுக்கச் சொல்லி, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பது என்று தீர்மானித்து வந்திருந்தார். அத்தை முகத்தை அவர் பக்கம் நிமிர்த்திக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்காருகிற மாதிரி கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாலத்துச் சண்டை," என்று வாசித்தார் சட்டக்காரர். "முன்னா..." நாக்கு மேலே மடங்கவேண்டிய இடத்தில் மடங்கவில்லை. அவர் மடக்கவில்லை. "முன்னால் இருந்தார்."

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. 'ஆகவே சண்டை நாளில் இல்லை.' அதை அவர் வாசிக்கவில்லை.

"முன்னால இருந்தாரா?"

"ஆமா அத்தை."

"எழுத்துல போட்டிருக்கா?"

"எழுத்துலதான் போட்டிருக்கு."

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்திப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "அந்த மாப்பிள்ளையோட மாமா ஒருத்தன் இருந்தானே, இருக்கானாடா இன்னும்?"

"அவர் போய் ரொம்ப நாளாச்சு அத்தை," என்றார் தையல்காரர்.

"அவசரக்காரன்." மறுபடி சட்டக்காரர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பொத்தானை இறுக்கி முடிச்சுப் போட்டார். "தம்பி, அந்தத் தாளுக்கு நல்லதா ஒரு சட்டம் போடு. வாசல்ல மாட்டணும். போறவன் வர்றவன் எல்லாம் படிக்கணும்."

தையல்காரர் கையை நீட்டினார். சட்டக்காரர் தாளைக் கொடுத்தார். தையல்காரர் படித்தார். இரண்டாவது வரியையும் படித்தார். தாளை மடித்த மடிப்பிலேயே மடித்துவிட்டு, "கோட்டை வெளிச்சத்துல பார்க்கணும், வா," என்று அவரை வாசல் படிக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"அத்தைக்குத்தான் கண்ணு தெரியாது," என்றார் தாழ்ந்த குரலில். "எனக்குத் தெரியும். எப்போ வந்துச்சு இது?"

"அன்னிக்கே."

"கடை ரசீது."

"ஆமா."

பிறகு சட்டக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். நாடா, நாற்காலி, பழைய தட்டச்சு எழுத்து, சிவப்பு மை. தையல்காரர் கோட்டின் தோள்பட்டைச் சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"அப்போ நிஜமாவே முன்னால்தான் இருந்துச்சா தாள்ல?"

"முன்னால்தான்."

"அதை அவன் மாத்தும்போது நீ பார்த்துட்டிருந்தே."

"பார்த்தேன்."

"ஆட்சேபணை உண்டான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

தையல்காரர் தலையை ஆட்டினார். "சட்டம் தன் கடமையைச் செஞ்சிடுச்சு," என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. "நீ எங்க இருந்தே அப்போ? அந்த அறையில எந்த இடத்துல இருந்தே?"

சட்டக்காரர் கோட்டுக் கையைப் பார்த்தார். புதுப் பொத்தான் பளபளத்தது.

"பின்னால இருந்தேன்," என்றார்.

தையல்காரர் காதில் செருகியிருந்த சாக்குக் கட்டியை எடுத்துத் தோளில் ஒரு கோடு போட்டார். "இங்க கொஞ்சம் இழுக்குது. காலையில வாங்கிக்க," என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து அத்தை சத்தமாகக் கேட்டார். "யாருடா பின்னால இருந்தது?"

"இவங்க தாத்தா, அத்தை."

"இருக்கட்டுமே, அதுக்கென்ன? எல்லாரும் முன்னால போயிட்டா சாப்பாடு யாரு போடறது? எங்கப்பா அன்னிக்குப் பசியாறிட்டுப் போனாரோ என்னவோ, அவர் கையாலதான் சாப்பிட்டிருப்பார். அந்தப் பெரியவரையும் கும்பிட்டேன்னு சொல்லு."

சட்டக்காரர் படியிலேயே நின்று கோட்டைக் கழற்ற ஆரம்பித்தார். துளைகள் புதுசு, அத்தை தைத்த பொத்தான்கள் கெட்டி. கழற்றி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.